வதையை எழுதிய வரலாறு

திருவனந்தபுரத்தில் மாசித் திங்களில் நிகழும் ஆற்றுகால் பொங்கலைப் பற்றித் தமிழகத்திற்கு வெளியே வாழும் தாங்களும் கேள்வியுற்றிருப்பீர்கள். மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் இங்குள்ள கிள்ளியாற்றங்கரையில் தங்கினாள் என்பது இவ்வூரார் நம்பிக்கை. விழா நாட்களில் அவள் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுவர். பாண்டியன் வீழ்ந்த பகுதி பாடி முடிந்த பின்னரே பொங்கல் அடுப்புகளில் தீ மூட்டப்படும்.

விசாரணையின்றிக் கொல்லப்பட்ட ஒருவனின் கதை இது. அந்தக் கொலையை இளங்கோவடிகள் எவ்வாறு எழுதினார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொலைக்களக் காதையின் பெரும்பகுதி கொலையைப் பற்றியதன்று. கண்ணகி கணவனுக்குச் சமைத்துப் படைப்பதும், அவன் தன் பிழைகளை எண்ணி வருந்துவதும், சிலம்புடன் விடைபெறுவதும், பின்னர்ப் பொற்கொல்லனின் சூழ்ச்சியுமே அங்கு விரிகின்றன. வாள் பாயும் நிகழ்ச்சி சில அடிகளில் முடிந்துவிடுகிறது. அதன்பின் காப்பியம் முழுவதும் கண்ணகியின் வழக்கைப் பின்தொடர்கிறது. அரசின் கையால் ஒரு மனிதன் துன்புறுத்தப்படுவதை எழுதும் முறைக்கு நம் மொழியிலுள்ள மிகப் பழைய பாடங்களுள் இஃது ஒன்று. அந்தப் பாடம் பிற்காலத்தில் எங்கெங்கு பயின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

காப்பியம் ஒரு வகை ஆவணம் என்றால், அரசாங்க அறிக்கை இன்னொரு வகை. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் குடிமக்கள் வதைக்கப்படுகின்றனர் என்ற முறையீடு 1854-இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1855-இல் அறிக்கை அளித்தது. அக்குழுவுக்கு வந்த முறையீடுகள் 1,959. நெடுந்தொலைவு நடந்து வந்து நேரில் சொன்னவர்களும் உண்டு. கிட்டி, அண்ணாந்தாள் என்னும் நம் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் ஒலிபெயர்ப்பாகவே ஏறின. அவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொற்கள் கிடைக்கவில்லை போலும்! இவ்வறிக்கையைப் படித்த கார்ல் மார்க்ஸ், 1857-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

வதை நிகழ்ந்தது என்பதை அறிக்கை ஐயத்திற்கு இடமின்றி நிறுவியது. ஆயினும் பழியின் பெரும்பங்கைக் கீழ்நிலையிலிருந்த உள்நாட்டு ஊழியர்மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. எத்தனை பேர், எந்தக் கருவி, எந்த ஊர் என்பன அதில் உள. அந்த மனிதன் வீடு திரும்பியபோது தன் பிள்ளையின் முகத்தை எவ்வாறு ஏறிட்டுப் பார்த்தான் என்பது அதில் இல்லை. அறிக்கை நிற்கும் இடத்திலிருந்து இலக்கியத்தின் வேலை தொடங்குகிறது.

அக்குழுவின் வரம்பு சென்னை மாகாணத்தோடு நின்றது. தனி அரசாக இருந்த திருவிதாங்கூரின் லாக்கப்பை நமக்குக் காட்டியவர் ஓர் எழுத்தாளர். வைக்கம் முகம்மது பஷீர் 1940-களின் தொடக்கத்தில் அரசை எதிர்த்து எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டு, கொல்லத்துக் காவல் நிலையத்தில் நெடுநாள் அடைபட்டிருந்தார். பின்னர்த் தண்டனை பெற்றுத் திருவனந்தபுரம் மத்திய சிறைக்கு வந்தார். அதற்கு முன்பே, 1930-இல், உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுக் கண்ணூர்ச் சிறையையும் கண்டவர் அவர்.

அவருடைய ‘டைகர்’ என்னும் சிறுகதையில் வருவது காவல் நிலையத்து நாய். அடைபட்ட மனிதர் பசியால் மெலிகின்றனர், நாயோ கொழுக்கிறது. இறுதியில் கைதி ஒருவனின் உள்ளங்காலில் பிரம்படி விழுகிறது. வழியும் இரத்தத்தை அந்த நாய் நக்குகிறது. பஷீர் நாயைக் குற்றவாளி ஆக்கவில்லை. அடித்தவனை அரக்கனாகவும் வரையவில்லை. நாய்க்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லாத ஓர் ஒழுங்குமுறையை மட்டும் நம் கண்முன் வைக்கிறார். வதைப்பவனை அரக்கனாக எழுதினால், ‘நாம் அவனல்லேம்’ என்று படிப்பவர் எளிதில் ஒதுங்கிக்கொள்ளலாம். பஷீர் அந்த வழியை அடைத்துவிடுகிறார்.

திருவனந்தபுரம் சிறையைக் களமாகக் கொண்ட அவருடைய ‘மதில்கள்’ 1960-களில் வெளிவந்தது. அடியும் உதையும் அதன் மையம் அல்ல. மதிலுக்கு அப்பாலுள்ள பெண் கைதியான நாராயணியின் குரல் மட்டுமே கேட்கிறது. முகம் கடைசிவரை தெரிவதில்லை. சிறை மனிதனிடமிருந்து பறிப்பது எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது.

மூன்றாவது சான்று நெருக்கடி நிலைக் காலத்தது. 1976 மார்ச்சில் கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜன் கைது செய்யப்பட்டு, கக்கயம் காவல் முகாமில் வதைக்கப்பட்டு உயிரிழந்தார். உடல் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் 1977-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு செய்தார். அவ்வழக்கின் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. இந்நிகழ்ச்சியின் நிழலில் ஷாஜி என். கருண் இயக்கிய ‘பிறவி’ என்னும் திரைப்படம் 1989-இல் கான் விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்றது. படத்தில் ஓர் அடி கூட நம் கண்ணுக்குக் காட்டப்படவில்லை. மகன் வருவான் என்று முதியவர் நாள்தோறும் காத்திருக்கிறார். பின்னர் இதே திருவனந்தபுரத்திற்கு வந்து, அமைச்சரைக் கண்டு முறையிடுகிறார். கண்ணகி சிலம்பேந்தி அரசவைக்குச் சென்றாள். இவர் வெறுங்கையோடு தலைநகருக்கு வந்தார். வேறுபாடு அவ்வளவே.

இனி, வெளிமாநிலத்தில் வாழும் தங்களுக்கு மிக அணுக்கமான சான்று ஒன்று. 1983-இல் ஆந்திரத்தின் குண்டூருக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர் சிலர் பொய்க் குற்றத்திற்காகக் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மு. சந்திரகுமார், பிற்காலத்தில் கோவையில் ஆட்டோ ஓட்டியவாறே, அந்த அனுபவத்தை ‘லாக்கப்’ என்னும் நாவலாக்கினார். வெற்றிமாறன் அதைத் தழுவி இயக்கிய ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் விழாவில் மனித உரிமைக்கான ஆம்னெஸ்டி விருதைப் பெற்றது. இப்படம் அடியை மறைக்கவில்லை. பார்ப்பதற்குக் கடினமாகவே காட்டுகிறது. ஆயினும் அது வேடிக்கையாக மாறிவிடவில்லை. கேட்கப்படும் கேள்வியின் மொழியே புரியாத அயலூர்க் கூலியாளின் அச்சம் ஒவ்வோர் அடிக்கும் முன்னே நிற்பதே அதற்குக் காரணம். ஆகவே, காட்டுவதா மறைப்பதா என்பது முடிவான வினா அன்று. அடிபடுபவன் முதலில் மனிதனாக நம்முன் நின்றானா என்பதே வினா.

இவ்வரலாற்றுக்கு நேர் எதிரான மரபு ஒன்றும் நம் கதைகளில் வளர்ந்துவிட்டது. கதாநாயகனான காவலதிகாரி கயவனை அடிக்கிறான், கயவன் உடனே உண்மையைக் கக்குகிறான், நாம் கைதட்டுகிறோம். இது பொறுப்பற்றது மட்டுமன்று, பொய்யும் ஆகும். வலி தாளாதவன் சொல்வது உண்மையை அன்று. அடிப்பவன் கேட்க விரும்புவதையே சொல்கிறான். 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமே, காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது என்று விதித்தது. அவ்விதி 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும், அதற்கு மாற்றாக 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. நீதிமன்றம் நம்ப மறுப்பதை நாம் திரையரங்கில் நம்பிவிடுகிறோம். சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டும் அதனை இன்னும் உறுதி செய்யாத நிலையில், அந்த நம்பிக்கை வெறும் பொழுதுபோக்கு ஆகாது. அடுத்த லாக்கப்பில் எழும் கூக்குரலுக்கு நம் செவியை அது முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. அந்த லாக்கப்பில் இருப்பவர், மொழி தெரியாத ஊரில் வேலை தேடிச் சென்ற நம்மவராகவும் இருக்கக்கூடும்.

எழுத விழையும் இளைஞர் தங்களுள் இருப்பின், இம்முன்னோரிடம் கற்கத்தக்கன சில. கருவியின் நுட்பத்தை விவரிப்பதினும் அதன்முன் நிற்பவனின் ஊரையும் பெயரையும் உறவையும் அறியச் செய்க. ஆணையிட்டவர் யார், எழுதிக்கொண்டவர் யார், கண்டும் காணாதிருந்தவர் யார் என்பதை விடாது கேட்க. மெய்யான ஒருவரின் துயரை எடுத்தாள்வதாயின், அவர் வாழ்வு தம் கதைக்கு வெறும் கச்சாப்பொருள் அன்று என்பதை மறவாதிருக்க. அடி முடிந்ததோடு கதையை முடித்துவிடாதிருக்க. அதன் பின்னர் அவர் வாழும் ஆண்டுகள் பல.

ஆற்றுகாலில் ஆண்டுதோறும் பெண்கள் அடுப்பு மூட்டும்போது பாடப்படுவது கோவலன் உடலில் பட்ட காயத்தைப் பற்றியதன்று. அரசனிடம் ஒரு பெண் கேட்ட வழக்கு அது. பல நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வழக்கு மக்கள் நினைவில் நிற்பதற்கு, அதனை அவ்வாறு எழுதியவர் ஒருவர் இருந்ததும் ஒரு காரணம்.