பிரஷ் மோட்டாரும் பிரஷ் இல்லா மோட்டாரும்: ரேடியோக் கார்ப் பந்தயத்தில் நியாயமும் பயிற்சியும்

ரேடியோ அலையால் இயக்கப்படும் சிறு கார்களின் பந்தயத்தில் பிரஷ் உள்ள மோட்டாரின் காலம் முடிந்துவிட்டது என்பதும், பிரஷ் இல்லாத மோட்டாரே எல்லா வகையிலும் மேலானது என்பதும் இன்று விவாதத்துக்கு இடமற்ற உண்மைகளாகக் கொள்ளப்படுகின்றன. யந்திரம் என்ற அளவில் இந்த அபிப்பிராயத்தை மறுக்க எனக்கு எவ்வித முகாந்திரமும் இல்லை. ஆயினும், பந்தயம் என்பது ஓட்டுகிறவனுடைய திறமையையும், வண்டியைச் செப்பனிடுகிறவனுடைய அறிவையும் ஒரே விதியின்கீழ் நிறுத்தி அளப்பதற்காக மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த நோக்கில் வைத்துப் பார்க்கும்போது, பிரஷ்ஷை நீக்கியதால் பழைய தகராறு நீங்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது என்பதே என் கட்சி. இதை நிறுவுவதும், இதிலிருந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பயன் இன்னதென்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரு மாவட்டங்களை முன்னிட்டுப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், 2007-இல் அதிலிருந்து தனி மாவட்டமாக நின்ற அரியலூரும் மோட்டாரோடு பழக்கமில்லாத பிரதேசங்கள் அல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் முதலிய இடங்களிலுள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு ஓயாமல் ஓடும் டிப்பர் லாரிகளின் செல்ப் மோட்டார், ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் மேஜைமேல் பிரிக்கப்படும்போது, வெண்புழுதியும் கார்பன் தூளும் கிரீஸோடு குழைந்து செப்புப் பட்டைகளின் இடுக்கில் அடைந்து கிடப்பதைக் காணலாம். மிக்ஸி பழுது பார்க்கிறவர், ஓடாத மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பி, அடிமூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கோடு துள்ளி வெளிவரும் கார்பன் கட்டையின் நீளத்தையும் அது உரசிய செம்பின் நிறத்தையும் பார்த்த மாத்திரத்தில், “கார்பன் மாத்தினா போதும்” என்றோ, “ஆர்மேச்சரே போயிடுச்சு” என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். செம்பு வழுவழுப்பாகப் பழுப்பேறியிருந்தால் நலம். ஒரு பட்டை மட்டும் கருகியிருந்தால் அதனோடு சேர்ந்த சுருள் அறுந்திருக்கிறது. இந்தச் சாஸ்திரம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக எழுதப்படவில்லை.

மோட்டாரின் சுருள் தொடர்ந்து ஒரே பக்கமாகச் சுழல வேண்டுமானால், அது காந்தத்தின் எதிரே ஒரு குறிப்பிட்ட நிலையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஓடும் மின்சாரத்தின் திசை மாற வேண்டும். பிரஷ் மோட்டாரில் இவ்வேலையைச் செய்வன செப்புப் பட்டைகளாலான சுழலும் திசைமாற்றியும், அதன்மேல் அழுந்தி நிற்கும் பிரஷ் எனப்படும் இரண்டு கார்பன் கட்டைகளும் ஆகும். 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கார்பனுக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், அதற்குமுன் வழங்கிவந்த செப்புக்கம்பிப் பிரஷ்கள் படிப்படியாக மறைந்தன. பந்தயக் காரில் பொருத்தப்படும் 540 வகை மோட்டாரின் ஆர்மேச்சருக்கு, அதாவது சுழலும் சுருள்தொகுதிக்கு, மூன்று முனைகள், திசைமாற்றிக்கு மூன்று பட்டைகள். ஆகவே ஒரு சுற்றுக்கு ஆறு திசைமாற்றங்கள் நிகழ்கின்றன. நிமிடத்துக்கு 20,000 சுற்று சுழலும் மோட்டாரில் இது விநாடிக்கு 2,000 மாற்றங்கள் ஆகிறது. பிரஷ் இல்லாத மோட்டாரிலோ காந்தம் நடுவே சுழல, சுருள்கள் வெளிச்சுவரோடு அசையாமல் நிற்கின்றன. மூன்று ஹால் உணரிகள் காந்தத்தின் நிலையைத் தெரிவிக்க, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் மின்சாரத்தைத் திருப்பிவிடுகின்றன. குறைகடத்தியைக் கொண்டு திசைமாற்றம் செய்யும் இம்முறையை வில்சன், டிரிக்கி என்ற இருவர் 1962-இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கக் கட்டுரையில் விவரித்தனர். இதில் வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டுவது ஒன்று: இருமுனைக் காந்தமும் மூன்று பேஸ் சுருளும் உள்ள இந்த மோட்டாரிலும் ஒரு சுற்றுக்கு மாற்றங்கள் ஆறே. செய்ய வேண்டிய காரியம் அணுவளவும் மாறவில்லை. செய்கிற கர்த்தா மட்டும் மாறியிருக்கிறார்.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். 1976-இல் ஜப்பானின் டாமியா கம்பெனி போர்ஷே 934 காரின் சிறு உருவை மின்மோட்டாருடன் வெளியிட்டதும், 1984-இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் கம்பெனி ஆர்.சி.10 என்னும் மண்தரைக் காரைக் கொணர்ந்ததும், மறு ஆண்டில் கலிபோர்னியாவின் டெல் மாரில் மண்தரை மின்கார்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்ததும் இவ்விளையாட்டின் சரித்திரத்தில் பிரசித்தமானவை. அக்காலத்திலும் அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவும் பந்தயத்தை ஆண்டது பிரஷ் மோட்டாரே. தொடக்கக்காரர்க்குரிய ‘ஸ்டாக்’ வகுப்பில், அமெரிக்காவின் ரோர் என்னும் ரேடியோக் கார்ப் பந்தயச் சங்கத்தின் விதிப்படி, ஒவ்வொரு முனையிலும் 27 சுற்றுக் கம்பி, திசைமாற்றம் சற்று முன்னதாகவே நிகழும்படி பிரஷ்ஷை வைக்கும் முன்னேற்றக் கோணம் 24 பாகை என்று எல்லோருக்கும் ஒரே மோட்டார் நிர்ணயிக்கப்பட்டது.

எல்லாம் ஒன்றாய் நிர்ணயிக்கப்பட்ட அந்த மோட்டாரில்தான் மனிதக் கையின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. புதிய கார்பனின் நுனி தட்டையாக இருக்கும், திசைமாற்றியோ உருண்டையானது. இரண்டும் முழுமையாகப் பொருந்தும் வரை தொடர்பு அரைகுறையாகவே இருக்கும் என்பதை அறிந்தவர், மோட்டாரைத் தண்ணீரில் மூழ்கடித்துக் குறைந்த மின்னழுத்தத்தில் சற்று நேரம் ஓடவிட்டு, கார்பனின் முகத்தைத் திசைமாற்றியின் வளைவுக்கே இழைத்துக்கொண்டனர். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை ஆர்மேச்சரை வெளியே எடுத்து, அதற்கென்றே அமைந்த சிறு லேத்தில் பிடித்து, வைரமுனையால் செம்பின்மேல் மயிரிழையினும் மெல்லிய ஒரு படலத்தைச் சீவி எடுத்தனர். விசை அதிகமான ஸ்பிரிங்கை இட்டால் தொடர்பு உறுதிப்படும், உராய்வும் கூடும். விசை குறைந்ததை இட்டால் சுழற்சி லேசாகும், அதிவேகத்தில் கார்பன் துள்ளிப் பொறி தெறிக்கும். இவற்றுக்கிடையே தமக்குரிய மத்திம ஸ்தானத்தை ஒவ்வொருவரும் அநுபவத்தால் கண்டனர். இங்கே செய்யப்பட்டதெல்லாம் பிரித்துப் பார்த்தால் தெரியக்கூடியது. தோற்றவன் வென்றவனுடைய மோட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்தால், அவன் எங்கே மேலோங்கினான் என்பதைச் செம்பின் பளபளப்பிலும் கார்பனின் வெட்டிலும் படித்துக்கொள்ள முடிந்தது. அறிவு அந்தப் பொருளிலேயே பதிந்திருந்தது.

இதனால் அக்காலத்தைச் சமத்துவத்தின் பொற்காலமாகச் சித்திரிப்பது உண்மைக்கு மாறாகும். லேத்து வாங்க வசதியுள்ளவன் ஒரு ஜாதி, இல்லாதவன் வேறு ஜாதி என்ற நிலை இருந்தது. ஒரே பெயரில் விற்கப்படும் மோட்டார்களில் பலவற்றை வாங்கிச் சோதித்து, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்குவது செல்வமுடையவர்க்கே இயன்றது. சீவச் சீவத் திசைமாற்றி மெலிய, ஆர்மேச்சரும் ஒரு நுகர்பொருளாகவே ஆகிவிட்டது. பிரஷ் இல்லா மோட்டாரை வரவேற்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டியதில் நியாயம் இருந்தது.

2003-ஐ ஒட்டி அமெரிக்காவின் நோவாக் கம்பெனி முதலியவை பந்தயத்துக்கேற்ற பிரஷ் இல்லா மோட்டார்களை வெளியிட்ட பின், பழைய முறை சில ஆண்டுகளிலேயே பின்வாங்கியது. இதற்குரிய காரணங்கள் பௌதிகத்திலேயே இருக்கின்றன. கார்பனும் செம்பும் உரசும் இடத்தில் இழக்கப்படும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை ஒட்டியிருப்பதாகக் கொண்டால், 230 வோல்ட்டில் ஓடும் மிக்ஸிக்கு அது ஒரு பொருட்டல்ல, 7.2 வோல்ட் பாட்டரியில் ஓடும் காருக்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சக்தி புறப்படும் முன்பே பறிபோகிறது. உஷ்ணத்தின் கதையும் அத்தகையதே. பிரஷ் மோட்டாரில் சுருள்கள் நடுவே சுழல்வதால், அவற்றில் பிறக்கும் வெப்பம் காற்றிடைவெளியைத் தாண்டியே வெளியேற வேண்டும். பிரஷ் இல்லாததில் சுருள் வெளிச்சுவரை ஒட்டியிருப்பதால் வெப்பம் நேரே வெளியே போகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிதோமோவிலும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் தனித்தனியே உருவான நியோடிமியம் காந்தம், சிறிய ரோட்டரில் பெரிய பலத்தை அடக்கிக் கொடுத்தது. அடிக்கடி மாற்றவேண்டிய பாகம் என்று பேரிங்கைத் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை.

ஆனால் இந்த மேன்மைகளோடு வந்த ஒரு விளைவைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை. பழைய ஸ்டாக் மோட்டாரில் பிரஷ்ஷின் கோணம் தகட்டிலேயே பூட்டப்பட்டிருந்தது. சுழற்சி குறைவாக இருக்கும்போது குறைந்த முன்னேற்றமும், கூடும்போது அதிக முன்னேற்றமும் வேண்டும் என்பது மின்பொறியாளர் யாவரும் அறிந்ததே. எனினும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் கார்பனை நகர்த்துவதற்கு வழியில்லாமையால் அந்த ஆசை எவருக்கும் நிறைவேறவில்லை. திசைமாற்றம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளிருக்கும் ப்ரோகிராமின் வசம் ஒப்படைக்கப்பட்டதும் அத்தடை நீங்கிற்று. வேகம் ஏற ஏறத் திசைமாற்ற நேரத்தைத் தானே முன்னுக்குத் தள்ளும் ‘பூஸ்ட்’, ‘டர்போ’ என்னும் ஏற்பாடுகளைக் கருவி செய்வோர் எழுதிச் சேர்த்தனர், ஸ்டாக் வகுப்புக்குரிய, 17.5 சுற்றுடைய சாதுவான பிரஷ் இல்லா மோட்டார் அவற்றின் துணையால் தன் வகுப்புக்கு ஒவ்வாத வேகத்தில் ஓடத் தொடங்கிற்று. வென்றவனுடைய மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவனுக்கு இப்போது அங்கே ஒன்றும் தென்படவில்லை. வித்தியாசம் பிசினால் மூடிய ஒரு சில்லுக்குள் இருந்தது. அதை எழுதியவர் பந்தயத்திடலில் நின்றவரும் அல்லர்.

இதற்குப் பந்தயச் சங்கங்கள் கண்ட பரிகாரமே என் வாதத்துக்குத் தலையாய சாட்சியம். தானாக முன்னேறும் ஏற்பாடு எதுவும் வேலை செய்யாத நிலையில் கருவியை வைக்க வேண்டும். அந்நிலையில் இருப்பதன் அறிகுறியாக அதன் சிறு விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். எரியாத வண்டிக்கு ஸ்டாக் வகுப்பில் இடமில்லை என்று விதி செய்தனர். ‘பிளிங்கி’ என்று பந்தயக்காரர் வழங்குவது இதைத்தான். பிரஷ்ஷை ஒழித்த விளையாட்டு, பிரஷ் இயல்பாகவே விதித்திருந்த எல்லையை விளக்கொன்றைக் கொண்டு திரும்ப விதித்துக்கொண்டது. அதன் பின்னர் போட்டியாளர்கள் என்ன செய்தனர்? உணரிகள் பொருந்திய பின்மூடியைத் திருகி, பழைய ஆசான்கள் கார்பனையும் ஸ்பிரிங்கையும் கையால் செப்பனிட்டதைப் போலவே, கோணத்தைக் கையால் சரிசெய்யத் திரும்பினர்.

அரியலூர் வழியாகச் செல்லும் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனிலும் இதே மாற்றம் வேறு அளவில் நிகழ்ந்திருக்கிறது. டபிள்யூ.ஏ.பி.4 இன்ஜினின் டி.சி. மோட்டார்களில் திசைமாற்றியும் பிரஷ்களும் உண்டு, டபிள்யூ.ஏ.பி.7 இன்ஜினின் மூன்று பேஸ் மோட்டார்களில் அவை இல்லை. சிமெண்ட் ஆலைகளின் சுழல்சூளைகளை முன்பு உருட்டிவந்ததும் டி.சி. மோட்டாரே, மின்னணு இயக்கிகள் வந்த பிறகு அந்த இடத்தை ஏ.சி. மோட்டார் பெற்றது. புழுதி மண்டிய அவ்விடங்களில் உரசும் பாகம் ஒழிந்தது சந்தேகத்துக்கிடமற்ற நன்மை. ரயில் இன்ஜினும் சூளையும் யாரோடும் போட்டியிடுவதில்லை. ஆகவே அங்கே நியாயம் என்ற கேள்வியே எழுவதில்லை. தொழிற்சாலையின் தீர்ப்பை அப்படியே பந்தயத்திடலுக்குப் பிரயோகிப்பதுதான் பிழை.

பந்தயத்துக்கும் புழுதி உண்டு, பெரம்பலூரின் கரிசல் தூளும் அரியலூரின் சுண்ணாம்புத் தூளும் காற்றோட்டத் துளைகளின் வழியே நுழைந்து திசைமாற்றியைத் தின்றுவிடும் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் சரியானதே. உலகப் போட்டிக்குத் தயாராகிறவனுக்கு அது முடிவான காரணமும் ஆகும். கற்றுக்கொள்ள வருகிறவனுக்கோ அந்தத் தேய்மானமே பாடம். தேய்ந்த கார்பனையும் கருகிய பட்டையையும் தன் கையால் எடுத்துப் பார்த்தவன், பின்னர் ஹால் உணரியின் அலைவடிவத்தை ஆஸிலாஸ்கோப்பில் காணும்போது அது எதன் பதிலாள் என்பதை ஒரு கணத்தில் அறிந்துகொள்வான். நேரே அலைவடிவத்திலிருந்து தொடங்குகிறவனுக்கு அது ஒரு சூத்திரமாக மட்டுமே நிற்கும் அபாயம் உண்டு. வழக்கொழிந்த சாதனத்தைக் கற்பிப்பது வீண் என்ற வாதமும் நிற்காது. லாரியின் செல்ப் மோட்டாரிலும், வீட்டு மிக்ஸியிலும், துளை போடும் டிரில்லிலும் கார்பன் இன்றும் உரசிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் கல்லூரிகளின் தொழில்நுட்ப விழாக்களில் ரேடியோக் கார் ஓட்டம் புதிதன்று. கியர் பொருத்திய ஜான்சன் மோட்டாரை மரப்பலகையில் திருகி ஓட்டும் மாணவர்களை எங்கும் காணலாம். பெரும்பாலும் அங்கே மோட்டாரைப் பற்றிய விதி, மின்னழுத்தத்துக்கு ஓர் உச்ச வரம்பு என்பதோடு நின்றுவிடுகிறது. அவ்வாறிருக்கும்போது கையில் அதிகப் பணமுள்ள குழு விலையுயர்ந்த பிரஷ் இல்லா மோட்டாரோடு வந்து, மற்றவர் எதையும் கற்றுக்கொள்ளாமலே தோற்கும்படி செய்துவிடுகிறது. ஆகவே அரியலூரில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி உட்பட, இவ்விரு மாவட்டங்களின் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: முதலாண்டு மாணவர்க்குரிய வகுப்பில், விழா நடத்துவோரே ஒரே பெட்டியிலிருந்து சீட்டுக் குலுக்கிக் கொடுக்கும், ஓட்டம் முடியும்வரை பிரிக்கக்கூடாத 540 பிரஷ் மோட்டாரை மட்டும் அனுமதியுங்கள். ஓட்டம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளின் மோட்டார்களை எல்லார் முன்னிலையிலும் பிரித்து, ஊர்க்கடையில் மிக்ஸி பழுது பார்க்கிற ஒருவரை மரியாதையோடு அழைத்து வந்து, கார்பனையும் செம்பையும் அவர் வாயால் விளக்கச் செய்யுங்கள். மேல்வகுப்பு மாணவர்க்குப் பிரஷ் இல்லா மோட்டாரைத் தாராளமாக விடலாம். ஆனால் விளக்கு மின்னும் ‘பிளிங்கி’ நிலையில் மட்டும் ஓட வேண்டும், அல்லது கருவியின் ப்ரோகிராமை மாணவரே எழுதி, அதை மற்றவர் படிக்கும்படி பந்தயத்துக்கு முன்னரே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வரும் கல்வியாண்டின் விழாவுக்கு விதி எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாக.