வாய் திறந்தவர் தோற்றார்

ஆங்கில அகராதிகளில் ‘போர்க்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. ஒரு பதவிக்கு வரவிருப்பவரைத் திட்டம் போட்டுத் தாக்கி, வரவிடாமல் செய்வது என்று பொருள். ராபர்ட் போர்க் என்ற மனிதரின் பெயர் அவர் உயிரோடு இருக்கும்போதே இப்படி வினைச்சொல் ஆகிவிட்டது. 1987இல் அதிபர் ரீகன் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்து, செனட் சபை 42க்கு 58 என்ற கணக்கில் நிராகரித்த நீதிபதி அவர்.

அகராதிச் சொல்லுக்குக் கட்சி கிடையாது என்றுதான் நினைப்போம். இந்தச் சொல்லுக்கு உண்டு. ‘போர்க் பண்ணிட்டாங்க’ என்று சொல்லும்போதே அவருக்கு அநியாயம் நடந்தது என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. மறுதரப்பைக் கேட்டால், ஆபத்தான ஒருவரை நாடு சரியான நேரத்தில் தடுத்து நிறுத்தியது என்பார்கள். அந்த விசாரணையின் ஒளிப்பதிவைப் பல இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தேன். இரண்டு கதையும் பாதிதான் என்று எனக்குப் பட்டது. அங்கே நடந்தது அபூர்வமான, பெருமளவுக்கு நேர்மையான ஒரு சண்டை. அதிலிருந்து எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம்தான் தப்பு.

அதற்கு முன்னால் ‘தகுதி’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு என்ன தகுதி வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டம் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. வயது வரம்பு இல்லை. சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தவர் ஆயுள் முழுக்க உட்காரலாம். இந்தக் காலிப் பாத்திரத்தில்தான் அவரவர் தங்களுக்கு வேண்டியதை ஊற்றிக்கொள்கிறார்கள். திறமை இருக்கிறதா என்பது ஒன்று, நடத்தை சுத்தமா என்பது இன்னொன்று. நாட்டைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அவர் என்ன நினைக்கிறார் என்பது மூன்றாவது. உண்மையான சண்டை எப்போதும் மூன்றாவதில்தான். ஆனால் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, முதல் இரண்டின் சட்டையை மாட்டி அனுப்புவார்கள்.

1916இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 28 அன்று அதிபர் வில்சன், லூயிஸ் பிராண்டைஸ் பெயரை அனுப்பினார். ரயில்வே முதலாளிகளையும் பெருநிறுவனங்களையும் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற பாஸ்டன் வழக்கறிஞர். உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட முதல் யூதர். நியமனம் பற்றிப் பொது விசாரணை நடந்ததே அவருக்குத்தான் முதல் தடவை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் பலர் அவர் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் முன்னாள் அதிபர் வில்லியம் டாஃப்ட். ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவெல்லும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார். பிராண்டைஸ் முதலாளிகளுக்கு எதிரானவர் என்றோ யூதர் என்றோ அவர்கள் எழுதவில்லை. தொழில் ஒழுக்கம் போதாது, நீதிபதிக்கு வேண்டிய மனநிலை இல்லை என்று எழுதினார்கள். டாஃப்டுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 1910இல் ஒரு காங்கிரஸ் விசாரணையில், டாஃப்டின் அரசு ஓர் ஆவணத்துக்கு முன்தேதி போட்டதை அம்பலப்படுத்தியவர் இதே பிராண்டைஸ்தான். போதாக்குறைக்கு அந்த நீதிபதி நாற்காலி மேல் டாஃப்டுக்கே ஒரு கண்.

குழுவில் 10க்கு 8 என்று கட்சி பிரிந்து வாக்களித்தார்கள். ஜூன் 1 அன்று செனட் 47க்கு 22 என்று ஒப்புதல் தந்தது. 23 வருஷம் நீதிபதியாக இருந்த பிராண்டைஸை இன்று அந்த நீதிமன்றத்தின் தலைசிறந்தவர்களில் ஒருவராகச் சொல்கிறார்கள்.

‘தகுதியற்றவர்’ எப்படி அளவுகோலாகவே மாறினார் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 1970இல் அதிபர் நிக்சன், தென் மாநில வெள்ளையர் வாக்குகளைக் குறிவைத்து, ஹரால்ட் கார்ஸ்வெல் என்பவரை முன்மொழிந்தார். அவர் 1948 தேர்தலில் வெள்ளையர் மேலாதிக்கத்தை ஆதரித்துப் பேசிய பேச்சு வெளியே வந்தது. அவருடைய தீர்ப்புகளை மேல்முறையீட்டில் அடிக்கடி ரத்து செய்திருக்கிறார்கள் என்பதும் வந்தது. அவரைக் காப்பாற்ற வந்த செனட்டர் ரோமன் ஹ்ருஸ்கா என்ன சொன்னார் தெரியுமா? அவர் சுமாரானவராகவே இருக்கட்டுமே, நாட்டில் சுமாரான நீதிபதிகளும் மக்களும் வக்கீல்களும் நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் கொஞ்சம் பிரதிநிதித்துவம் வேண்டாமா, எல்லோருமே பிராண்டைஸாக இருக்க முடியுமா என்றார். ஆதரவுப் பேச்சே ஆளைக் கவிழ்த்தது. 45க்கு 51 என்று கார்ஸ்வெல் தோற்றார்.

சரி, போர்க்குக்கு வருவோம். அவர் சுமாரானவர் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது. யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். நிக்சன் ஆட்சியில் சொலிசிட்டர் ஜெனரல். 1982இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ரீகன் நியமித்தபோது செனட்டில் எதிர்ப்பே இல்லை. ஒரே ஒரு பழைய கறை இருந்தது. 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. வாட்டர்கேட் ஒலிநாடாக்களைக் கேட்ட சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கச் சொன்னார் நிக்சன். அட்டர்னி ஜெனரல் மறுத்துப் பதவி விலகினார். அடுத்தவரும் மறுத்துப் போனார். மூன்றாவதாக இருந்த போர்க் நீக்கினார். துறை ஆளில்லாமல் சிதறிவிடக் கூடாது என்பதால் செய்தேன் என்பது அவர் தரப்பு. அவர் இறந்த பிறகு 2013இல் வந்த நினைவுக்குறிப்பில், அடுத்த உச்ச நீதிமன்ற இடம் உனக்கு என்று நிக்சன் தனக்கு வாக்குக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் 1987இல் நடந்த சண்டையின் மையம் அந்த இரவு அல்ல. போர்க் எழுதி வைத்தவைதான். அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் என்ன கருதினார்களோ அதற்கு மேல் நீதிபதி ஒரு உரிமையையும் கண்டுபிடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கனெக்டிகட் மாநிலத்தில் கணவன் மனைவிகூடக் கருத்தடைச் சாதனம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அந்தரங்க உரிமையைக் காட்டி 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் முட்டாள்தனமானதுதான், ஆனால் பொதுவான அந்தரங்க உரிமை என்று அரசியல் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார் போர்க். கருக்கலைப்பு உரிமை தந்த 1973 ரோ வழக்கின் தீர்ப்பும் அதே அஸ்திவாரத்தில்தான் நின்றது. 1963இல், கடைகளும் உணவகங்களும் கறுப்பர்களை அனுமதித்தே ஆக வேண்டும் என்ற சட்ட முன்வரைவை, தனிமனித சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறது என்று எதிர்த்து எழுதினார். பத்து வருஷம் கழித்து அந்தக் கருத்தைக் கைவிட்டார். வாக்களிக்க வரி வசூலிக்கக் கூடாது என்ற 1966 தீர்ப்பையும் அவர் ஏற்கவில்லை.

ஜூலை 1 அன்று ரீகன் பெயரை அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள் எட்வர்ட் கென்னடி செனட்டில் எழுந்தார். போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் சந்துபொந்துகளில் கருக்கலைப்பு செய்துகொள்ள நேரும், கறுப்பர்கள் உணவகத்தில் தனி இடத்தில் உட்கார வேண்டிவரும் என்றார். நியாயமான பேச்சா? உணவக விஷயம் அவர் கைவிட்ட கருத்து, அந்தச் சட்டமும் எப்போதோ நிறைவேறிவிட்டது. அந்த வரி மிகை. கருக்கலைப்பு பற்றிய வரி எவ்வளவு மிகை என்பதை 2022க்குப் பிறகு அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

இன்னொரு பழைய பக்கமும் இருக்கிறது. 1967இல் முதல் கறுப்பின நீதிபதியாக தர்குட் மார்ஷல் முன்மொழியப்பட்டபோது, ஒருவருடைய கருத்துகள் நம்மோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நம் வேலை அல்ல, அனுபவமும் நேர்மையும்தான் கேள்வி என்று பேசியவர் இதே கென்னடி. அன்று மார்ஷலை மடக்குவதற்காக, பதினான்காம் திருத்தத்தைத் தயாரித்த குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பது மாதிரியான கேள்விகளை அடுக்கியவர் தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட். 1987இல் அதே தர்மண்ட் போர்க்குக்குப் பக்கபலம். இருபது வருஷத்தில் இரண்டு பேரும் நாற்காலி மாற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ரீகன் தரப்பும் சளைத்ததில்லை. ஓய்வு பெற்ற லூயிஸ் பவல் மாதிரியே இவரும் நடுவழிக்காரர் என்று விற்கப் பார்த்தார்கள். அவர் எழுதியதைப் படித்தவர்கள் யாரும் நம்பவில்லை.

செப்டம்பர் 15 அன்று விசாரணை தொடங்கியது. தலைமை, அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த ஜோ பைடன். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் பேச்சைத் தன் பேச்சாகப் பேசிய சர்ச்சையில் அவர் போட்டியிலிருந்து விலகினார். போர்க் ஐந்து நாட்கள் சாட்சி சொன்னார். இதில் என்ன விசேஷம் என்றால், கேள்வி கேட்டால் அவர் பதில் சொன்னார். அந்தரங்க உரிமை எங்கிருந்து வருகிறது, நீதிபதிக்கு எல்லை எது என்று குடியரசுக் கட்சியின் ஆர்லன் ஸ்பெக்டரோடு மணிக்கணக்கில் வாதாடினார். சில இடங்களில் பழைய கருத்தைத் தளர்த்தினார். பதவிக்காக மனம் மாறுகிறாரோ என்று செனட்டர் லேஹி கிண்டலாகக் கேட்டார். ஆனால் மழுப்பல் என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஒரு நாடு தன் அரசியல் சட்டத்தை எப்படிப் படிப்பது என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து யோசித்தது.

அவரைக் கவிழ்த்த ஒரு பதிலும் உண்டு. ஏன் நீதிபதியாக விரும்புகிறீர்கள் என்று ஆதரவாளரான ஆலன் சிம்சன் லட்டு மாதிரி ஒரு கேள்வி போட்டார். அறிவுக்கு விருந்தாக இருக்கும் என்றார் போர்க். நம்ம வாழ்க்கை இவருக்கு விருந்தா என்று கேட்டவர்களுக்குச் சுருக்கென்றது.

அசிங்கங்களும் நடந்தன. வாஷிங்டன் வாரப் பத்திரிகை ஒன்று, போர்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 வீடியோ படங்களின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கி வெளியிட்டது. அதில் வம்புக்கு எதுவும் இல்லை. அந்தரங்க உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றவரின் அந்தரங்கத்துக்காக, வீடியோ வாடகை விவரங்களை வெளியிடக் கூடாது என்று காங்கிரஸ் 1988இல் சட்டம் போட்டது. சட்டசபைதான் இதைச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு வகையில் அவர் சொன்னபடியே நடந்தது!

அக்டோபர் 23 வாக்கெடுப்பில் ஆறு குடியரசுக் கட்சியினர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆனால் தீர்மானித்தது தென் மாநில ஜனநாயகக் கட்சியினர். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு வாக்காளர்களான கறுப்பின மக்களின் ஆதரவில்லாமல், 1986இல் அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் லூசியானாவிலும் அவர்கள் ஜெயித்திருக்க முடியாது. 17 வருஷம் முன்பு தெற்கைக் குளிர்விக்க ஒரு கார்ஸ்வெல் போதும் என்று நினைத்தார் நிக்சன். இப்போது அதே தெற்கில் வேறு மக்களும் வாக்களித்தார்கள். விளம்பரத்தால் மட்டும் போர்க் தோற்கவில்லை. அவருடைய கருத்துகள் யாருடைய வாழ்க்கையைத் தொட்டனவோ அவர்களுக்கு அப்போது ஓட்டு இருந்தது.

அந்த இடத்துக்குக் கடைசியில் வந்தவர் ஆந்தனி கென்னடி, 97க்கு 0. 1992இல் ரோ தீர்ப்பின் சாரத்தை 5க்கு 4 என்று காப்பாற்றிய ஐவரில் ஒருவர். 2015இல் ஒருபாலினத் திருமண உரிமைத் தீர்ப்பை எழுதியவர். போர்க் அங்கே இருந்திருந்தால் 1992 தீர்ப்பு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அவர் தோற்றது நல்லதா கெட்டதா? என்னைக் கேட்டால், செனட் செய்தது சரி. ஆயுள் முழுக்க நம்மை ஆளப்போகிற கருத்தை முன்கூட்டியே பார்த்து வேண்டாம் என்று சொல்ல மக்களின் பிரதிநிதிகளுக்கு உரிமை உண்டு. ஆனால் அடுத்து வந்தவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: பேசினால் தோற்போம். 1993இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க், எந்த வழக்கில் எப்படி முடிவெடுப்பேன் என்று ஜாடைகூடக் காட்டமாட்டேன் என்றார். 96க்கு 3. அந்த விசாரணையில் குழுவுக்கு உதவிய இளம் சட்டப் பேராசிரியர் எலெனா கேகன், 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த விசாரணைகள் வெற்றுக் கூத்தாகிவிட்டன, போர்க் விசாரணை மாதிரிதான் இருக்க வேண்டும் என்பது சாரம். 2010இல் அவரே முன்மொழியப்பட்டார். அந்தக் கட்டுரையை எடுத்துக் கேட்டபோது, அப்போது கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேன் என்று நழுவினார். நீதிபதியும் ஆனார்.

கருத்து பேசும் வாசலை அடைத்தால் சண்டை நின்றுவிடுமா? முழுக்க நடத்தை பக்கம் பாய்ந்தது. 1991இல் கிளாரன்ஸ் தாமஸ் மீது அனிதா ஹில் சொன்ன புகார், 2018இல் பிரெட் கவனா மீது கிறிஸ்டின் பிளேசி ஃபோர்ட் சொன்ன புகார். இருவரும் மறுத்தார்கள், 52க்கு 48, 50க்கு 48 என்று இருவரும் வந்தார்கள். ஒரு பெண் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்பதை அவள் யாருக்கு எதிராகச் சொல்கிறாள் என்பதை வைத்தே பெரும்பாலோர் முடிவு செய்தார்கள். நடத்தை பற்றிய கேள்வி தன்னளவில் தீவிரமானது, பொறுமையான விசாரணை கேட்பது. வெளியே சொல்ல முடியாத கருத்துச் சண்டையின் பாரமும் அதன் தலையிலேயே ஏறியதால் அதற்கும் நியாயம் கிடைக்கவில்லை. அதே 2018இல் ரோ பற்றிக் கேட்டபோது, அது நிலைபெற்ற முன்தீர்ப்பு என்றார் கவனா. ஆந்தனி கென்னடியின் இடத்துக்கு வந்தவர் அவர்தான். 2022 ஜூன் 24 அன்று ரோவை நீக்கியவர்களில் அவரும் ஒருவர்.

போர்க்கின் கருத்துகளில் பெரும்பாலானவை எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் 1987 செப்டம்பரில், சட்டம் படிக்காத ஒரு பெண்மணி வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டால், தன் படுக்கையறையைப் பற்றி வருங்கால நீதிபதி என்ன நினைக்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்க முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் தன் செனட்டருக்கு போன் போட முடிந்தது. கவனாவின் விசாரணையைப் பார்த்தவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள நான்கு வருஷம் ஆனது. அப்போது போன் போட யாரும் இல்லை.