தூமன்

மங்கோலியப் படையில் பத்தாயிரம் வீரர் கொண்ட பிரிவுக்குத் தூமன் என்று பெயர். துருக்கிய, மங்கோலிய மொழிகளில் இச்சொல்லின் முதற்பொருள் பத்தாயிரம் என்ற எண்தான். படைப்பிரிவு என்பது அதையொட்டி வந்தது. செங்கிஸ்கான் தம் படையைப் பத்து (அர்பன்), நூறு (சூன்), ஆயிரம் (மிங்கன்), தூமன் என அடுக்கினார். பழைய குலங்களைக் கலைத்து இந்த அடுக்குகளில் நிரப்பியதுதான் அவருடைய சாமர்த்தியம். வீரனின் விசுவாசம் குலத்தலைவனை விட்டுத் தளபதிக்கு மாறியது.

தோற்று ஓடுவதாக நடித்து, துரத்தி வருபவன்மேல் சேணத்தில் திரும்பி அம்பெய்வது புல்வெளி வில்லாளிகளின் பழைய தந்திரம். நடிப்பு நிஜ ஓட்டமாகிவிடாமலிருக்கக் கட்டுப்பாடு வேண்டும். அதைத் தந்தது இந்த அடுக்குமுறை. 1223இல் மங்கோலியத் தளபதிகளான ஜெபேயும் சுபுதையும் இப்படித்தான் ரஷ்ய, கிப்சாக் படைகளை ஒன்பது நாள் இழுத்துவந்து கல்கா ஆற்றங்கரையில் அழித்தார்கள்.

பெயர்தான் பத்தாயிரம். களத்தில் பல தூமன்களில் ஆள் குறைவு. வரலாற்றாசிரியர்கள் தூமன் கணக்கை அப்படியே பெருக்கிப் படைபலம் சொல்வது சரியல்ல.

ஈரானில் இச்சொல் தோமான் என்ற நாணயமானது: முன்பு பத்தாயிரம் தினார், 1932க்குப் பின் பேச்சுவழக்கில் பத்து ரியால்.