கூந்தல் பனை

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இலங்கையிலும் தானாக வளரும் பனை வகை. 1753இல் லின்னேயஸ் இதற்குக் காரியோட்டா யூரென்ஸ் என்று பெயரிட்டார். கன்னடத்தில் பைனி, சிங்களத்தில் கித்துல். பெங்களூருவாசிகள் இதைப் பூங்காக்களில் அழகு மரமாகவே அறிவார்கள். மலைக்குடிகளுக்கோ இது பஞ்சகாலச் சோறு.

பூ உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். கடைசிக் குலை காய்த்ததும் மரம் பட்டுப்போகும். பூக்கவென்று தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்துதான் உணவு. ஆகவே பூக்குமுன்பே வெட்டுகிறார்கள். தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் மரச்சோற்றை இடித்து, நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுவார்கள். சக்கை நின்றுவிடும், கலங்கல் நீரின் அடியில் வெள்ளை மாவு படியும். அதை உலர்த்திக் கஞ்சியோ களியோ கிண்டலாம். ஒரு வேளைக் கஞ்சிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு கொஞ்சமல்ல.

குடகின் குடியர் பழங்குடியினர் இதன் பாளையைச் சீவிக் கள் இறக்குவதில் பெயர்பெற்றவர்கள். இலங்கையில் பதநீரைக் காய்ச்சிக் கித்துல் பாணியும் கருப்பட்டியும் செய்கிறார்கள்.

குலை குலையாகத் தொங்கும் பழங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்: சதையிலுள்ள ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் பட்டால் தோலும் வாயும் கடுமையாக அரிக்கும்.