பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இங்கிலாந்தில் ஸஃபோக் ஜில்லாவில் பிளைத்பரோ என்று ஒரு சிற்றூர். ஊர் சிறியது, சதுப்பு நிலத்தருகே நிற்கும் அதன் மாதா கோயிலோ பெரியது. 15-ஆம் நூற்றாண்டில் காதிக் பாணியில் எழுப்பியது. சுவரின் மேல் வரிசையில் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள். பெஞ்சுகளின் முனைகளில் பாவங்களை உருவமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெருந்தீனிக்காரன் தொந்தியை அணைத்துக்கொண்டிருக்கிறான். சோம்பேறி படுக்கையை விட்டு இறங்கவில்லை. பிரசங்கம் கேட்க வந்தவர்களில் எத்தனை பேர் தங்கள் சாயலைக் கண்டு நெளிந்தார்களோ!

அண்ணாந்து பார்த்தால் மர விதானம்; அதில் சிறகு விரித்த தேவதூதர்கள். 1644-இல் வில்லியம் டௌஸிங் என்ற பியூரிட்டன் இங்கே வந்தான். கோயில்களில் உள்ள உருவங்களை ஒழிப்பதே அவன் உத்தியோகம். இருபது தேவதூதர்களை இறக்கும்படி கட்டளையிட்டான். ஆயினும் பலர் இன்றும் மேலேதான் இருக்கிறார்கள்.

பிற்காலத்தில் அந்த மர உடல்களில் ஈய ரவைகள் அகப்பட்டன. டௌஸிங்கின் ஆட்கள் சுட்டவை என்றே வெகு காலம் நம்பினார்கள். ஆராய்ந்தபோது அவை 18-ஆம் நூற்றாண்டு ரவைகள் என்று தெரிந்தது. கோயிலுக்குள் புகுந்த காக்கைகளைச் சுடுவதற்குக் கோயில் நிர்வாகிகளே பணம் கொடுத்திருக்கிறார்கள்!

பகைவனின் கட்டளை அந்த உயரத்தை முழுதும் எட்டவில்லை. காக்கைக்கு வைத்த குறி எட்டிவிட்டது.