கன்னு எங்க, கண்ணு?

“மொத்தம் ஆறு விலங்கு. அதுக்கு மேல பட்ஜெட் இல்லை.” சில வருடங்களுக்கு முன் நான் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு சின்ன கேம் கம்பெனியில் இப்படித்தான் கூட்டம் தொடங்கியது. செல்போனில் ஆடும் பண்ணை விளையாட்டு. பசு, கோழி, செம்மறியாடு, வாத்து, முயல் என்று ஐந்து பெயர்கள் ஒரே மூச்சில் பலகையில் ஏறின. யாரும் யோசிக்கக்கூட இல்லை. ஆறாவதாக நான் எருமை என்றேன். சிரித்தார்கள். கறுப்பாக இருக்கும், இரவுக் காட்சியில் தெரியாது, குழந்தைகளுக்குப் பிடிக்காது என்று மூன்று காரணம் வந்தது. கடைசியில் ஆறாவது இடத்துக்கு அல்பாக்கா வந்தது. அறையில் இருந்த ஒன்பது பேரில் அல்பாக்காவை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

எனக்கு ஊர் அந்தியூர்ப் பக்கம். அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கட்டுத்தறியில் எருமை இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விளையாட்டில் ஒரு விலங்கைச் சேர்ப்பது ஒரு படம் வரைவதோடு முடிகிற வேலையில்லை. நான்கு திசைக்கும் நடக்க வேண்டும், திசைக்கு நான்கு படம். தின்ன, படுக்க, தூங்கத் தனித்தனியாக. குட்டிக்கு எல்லாம் மறுபடி. கூட்டிப் பார்த்தால் ஐம்பதைத் தொடும். மிச்சம் பிடிக்க வலப்பக்கத்துப் படத்தையே திருப்பிப் போட்டு இடப்பக்கம் ஆக்கிவிடுவோம். அப்போது பசுவின் தோள் திட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிவிடும். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. படம் கட்டைவிரல் நகம் அளவு. அதற்குள் வெள்ளையில் கறுப்புத் திட்டு போட்டால் எந்த ஊர்க் குழந்தையும் பசு என்றுவிடும். எங்கள் பர்கூர் மலைச் செம்மறை மாட்டுக்கும் வெள்ளைத் திட்டு உண்டு, அதுகூடத் தேறிவிடும். எருமைக்குக் கொம்பை விட்டால் அடையாளம் இல்லை.

ஆனால் அந்த ஐந்து பெயரும் யோசிக்காமல் விழுந்ததே, அது எங்கிருந்து வந்த பழக்கம்? தேடிப் போனால் 1996 ஆகஸ்ட் 9-ல் போய் நிற்கிறது. அன்றுதான் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு ‘போகுஜோ மோனோகதாரி’ வெளியானது. பண்ணைக் கதை என்று பொருள். மறுவருடம் அமெரிக்காவுக்குப் போனபோது ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்று பெயர் மாறியது. உருவாக்கியவர் யசுஹிரோ வாடா. தெற்கே கியூஷு தீவில் மியாசாகியில் பிறந்து, வேலைக்காக டோக்கியோ வந்தவர். ஊர் நினைப்பும், சண்டையே இல்லாத ஒரு விளையாட்டு வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து பிறந்ததுதான் அது. ‘போகுஜோ’ என்பதன் முதல் எழுத்தைப் பிரித்தால் ஒரு பாதி மாடு, மறு பாதி கோல் பிடித்த கை.

அந்தப் பண்ணையில் இருந்தது நாலே விலங்கு: பசு, கோழி, குதிரை, நாய். காசு தந்தவை முதல் இரண்டும்தான். கோழி 1,000, பசு 5,000 என்று விலை. தினமும் தீனி வைக்க வேண்டும், பசுவோடு பேச வேண்டும், தேய்த்துவிட வேண்டும்; கவனிக்காமல் விட்டால் நோய் வரும், செத்தும் போகும். குதிரை விளைச்சலைச் சுமந்தது. நிலத்தை மட்டும் நாயகன் தானே மண்வெட்டியால் கொத்தினான்.

இங்கேதான் எனக்கு உறுத்தும். வாடா பிறந்த மியாசாகி, ஜப்பானில் மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர். இன்று வாக்யு என்று உலகம் பணம் கொட்டித் தின்னும் கறுப்பு மாட்டின் முன்னோர்கள், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நெல்வயலில் ஏர் இழுத்தவை. வயலில் டிராக்டர் வந்தது, மாடு தட்டுக்குப் போனது. விளையாட்டுக்குள் வந்த மாடோ இந்தக் கறுப்பு மாடு இல்லை. ஹொக்கைடோ பால்பண்ணைப் படங்களில் வரும் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டைன். ஊரை நினைத்துச் செய்த விளையாட்டிலேயே ஊர் மாட்டுக்கு இடமில்லை. காரணம் எளிது. உழுகிற மாடு காலையில் கையில் எதுவும் தராது. கறி மாடு ஒரே ஒரு தரம்தான் தரும், அதோடு அது இருக்காது. பாலும் முட்டையும் அப்படியில்லை. நேற்றுத் தந்தது இன்றும் தரும், நாளையும் தரும். தினம் வந்து திறக்க வைக்கிற விளையாட்டுக்கு அதுதான் தோது.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பின்னால் வந்தவையெல்லாம் தானாகப் புரியும். 1999-ல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த ஹார்வெஸ்ட் மூன் பதிப்பில் செம்மறியாடு சேர்ந்தது. கம்பளி, கொல்லாமல் கத்தரிக்கிற வரவு. 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்து, மறுவருடமே மாதத்துக்கு 8 கோடிப் பேர் ஆடினார்கள். அங்கே வழிதவறிய பழுப்புப் பசு பண்ணைக்கு வரும். நண்பர் யாராவது தத்தெடுங்கள் என்று எல்லார் பக்கத்திலும் செய்தி போகும். மாடு அங்கே ஆளைக் கூப்பிடுகிற மணி. இதைக் கிண்டல் செய்யத்தான் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் 2010-ல் ‘கவ் கிளிக்கர்’ செய்தார். ஒரு பசு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் தட்டலாம், அவ்வளவுதான். கிண்டல் என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் தட்டினார்கள். 2011-ல் பசுக்களை மொத்தமாக மறைய வைத்தார். காலி இடத்தையும் சிலர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

2016 பிப்ரவரி 26-ல் ‘ஸ்டார்டூ வேலி’ வந்தது. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருடம் உட்கார்ந்து செய்தது. ஹார்வெஸ்ட் மூன் ஆடி வளர்ந்தவர். இங்கே கோழி 800, பசு 1,500, வெள்ளாடு 4,000, பன்றி 16,000. பன்றிக்கு ஏன் இவ்வளவு விலை? கறிக்கு இல்லை, மண்ணைக் கிளறி ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானை எடுத்துத் தரும். கறி தரும் விலங்கைக் கொல்லாமல் உள்ளே கொண்டுவர அவர் பிடித்த வழி அது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி என்ற பெயர்கள் பயன்படாமல் அதன் கோப்புகளுக்குள் கிடந்ததை ஆடுகிறவர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் யோசித்து, பிறகு விட்டிருக்கிறார்.

2019-ல் அது ஆண்ட்ராய்டு போனுக்கு வந்தது. அந்த வருடம் லீவுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். அம்மாயி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். பால் கறக்கிறதைக் காட்டினேன். வாளியை எடுத்தேன், தட்டினேன், பால் வந்தது.

“கன்னு எங்க, கண்ணு?”

“கன்னு வேண்டாம் அம்மாயி. சும்மாவே கறக்கும்.”

“கன்னு போடாம எப்படிப் பால் வரும்? சாணியெல்லாம் யாரு அள்றது?”

“சாணியும் போடாது.”

“அப்பறம் என்ன பண்ணையம் அது!” எழுந்து போய்விட்டாள்.

அம்மாயி பால் கறப்பதைப் பார்த்தவர்களுக்கு அவள் கேள்வி விளங்கும். முதலில் கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டச் செய்வாள். எருமை சுரப்புவிட்டதும் கன்றை இழுத்துத் தாயின் முகத்துக்கு நேரே கட்டுவாள். மடியைக் கழுவி, காம்பில் துளி விளக்கெண்ணெய் தடவி, சொம்பை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்காருவாள். எருமை கன்றை நக்கிக்கொண்டே நிற்கும். முழுவதும் கறக்க மாட்டாள். கன்றுக்கு ஒரு காம்பு விடுவாள். இதில் கன்றை எடுத்துவிட்டால் மிச்சம் வாளிதான்.

அவள் கேட்டதை ஒரு விளையாட்டு முன்பே கேட்டிருந்தது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஹார்வெஸ்ட் மூன் வரிசையில் 2003-ல் வந்த ‘எ வொண்டர்ஃபுல் லைஃப்’. அங்கே பசு சும்மா கறக்காது. கொஞ்ச காலத்தில் பால் வற்றும். மறுபடி சினை பிடித்துக் கன்று போட்டால்தான் பால். அதனால் பிறக்கிற காளங்கன்றை வைத்திருப்பதா விற்பதா என்றும் முடிவுசெய்ய வேண்டும். அதே விளையாட்டில் வெள்ளாட்டை மட்டும் அரைகுறையாக விட்டார்கள். பால் வற்றிய பிறகு அதைச் சினைப்படுத்தவும் முடியாது, விற்கவும் முடியாது. தொழுவத்தில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நம் ஊர்களில் வற்றிப்போன மாட்டை வைத்துக்கொண்டு விழிக்கிற வீடுகள் எத்தனை! வேண்டுமென்று செய்தார்களோ என்னவோ, பண்ணையத்தின் பெரிய சங்கடம் ஒன்று அந்த ஆட்டில் வந்துவிட்டது.

சாணிக் கேள்விக்கும் பதில் உண்டு. ஸ்டார்டூவில் உரம் மரச்சாறு, மீன் போன்றவற்றிலிருந்துதான் வரும். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஜயண்ட்ஸ் நிறுவனம் செய்யும் ‘ஃபார்மிங் சிமுலேட்டர்’ வரிசையில் மாடு சாணி போடும். அதை அள்ளி வயலில் இறைக்கலாம். அழகுக்காக விலங்கு வளர்க்கிற விளையாட்டு இல்லை அது, டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கானது. 2024 நவம்பர் 12-ல் வந்த பதிப்பில் ஆசியப் பின்னணியில் ஒரு நிலப்பரப்பு சேர்த்தார்கள். நெல் வந்தது. நெல்லோடு எருமையும் வந்தது. அதன் பாலில் மொசரெல்லா சீஸ் செய்து விற்கலாம். அம்மாயி அதைப் பார்க்க இல்லை.

அதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வயலில் நெல் இல்லாதவரை எருமைக்கு அங்கே இடமில்லை. நாங்கள் பலகையில் விலங்கின் பெயரைத்தான் எழுதினோம். நிலம் எது, என்ன விளைகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நிலத்தை முதலில் எழுதியிருந்தால் அல்பாக்கா வந்திருக்காது.

பண்ணை விளையாட்டு செய்ய உட்காரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறு இடம்தான் என்றால் அதில் ஒன்றை எருமைக்குக் கொடுங்கள். இரவுக் காட்சியில் தெரியாது என்று சொன்னால் கொம்பின் மேல்விளிம்பில் ஒரே ஒரு வரி வெளிர்சாம்பல் தீட்டுங்கள். நான் தீட்டிப் பார்த்திருக்கிறேன். தெரிகிறது.