பூட்டும் திறவுகோலும்

1996இல் டிவிடி வட்டு ஜப்பானில் அறிமுகமானது. அவ்வட்டுகளில் வந்த திரைப்படங்கள் பலவும் 40 பிட் நீளமுள்ள மறைகுறியால் பூட்டப்பட்டன. 1999இல் நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யோஹான்சன், அப்பூட்டைத் திறக்கும் நிரலை இணையத்தில் வெளியிட்டார். லினக்ஸ் கணினியில் படம் பார்ப்பதற்காகவே அது என்பது அவர் தரப்பு. வழக்குத் தொடரப்பட்டது, 2003இல் கீழ்நீதிமன்றமும் மேல்முறையீட்டு மன்றமும் அவரை விடுவித்தன.

இன்றோ இணையவழிப் படத்தின் திறவுகோல் வட்டோடு வருவதில்லை. நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வருகிறது. உலாவிகளில் இதற்கு வழிசெய்யும் இடைமுகத்தை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017இல் தரமாக ஏற்றது. திருட்டுப் படிகள் அதனால் ஒழிந்துவிடவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய நூல்கள் பிழைத்தது படியெடுத்தவர்களால். வழங்கி நின்றுபோனால், நாம் விலை கொடுத்த படமும் நமக்குப் பூட்டிய வீடுதான்.